மொழியா? செவியா?

மும்பைக்கு நான் வந்தது 1979-இல். ஒரு தொழிற்சாலையில், நாள் முழுக்க எந்திரங்கள் இடிக்கும் பிரஸ் ஷாப்பில், 31 வருஷம் உத்தியோகம். என் இந்தி கொச்சைதான். ஆனால் எதிராளி பேசுவது நன்றாகப் புரியும். ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் கழித்து, அதுவும் தடுமாறத் தொடங்கியது. டாக்டர் வருவது ‘ஸாத்’ மணிக்கா, ‘ஆட்’ மணிக்கா? ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறேன். “வயசாச்சு, இந்தி மறந்து போச்சு” என்று சிரித்து மழுப்பினேன். வீட்டில் தமிழ்தான் நன்றாகக் கேட்கிறதே!

குட்டை உடைத்தது என் பேத்தி. “தாத்தா, நான் ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேக்கலை. ‘சாவி எங்கே’ன்னு கேட்டேன். நீங்க எதுக்கெடுத்தாலும் ‘ஆமா’ங்கறீங்க” என்றாள். வரவர அவள் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது. என்னம்மா என்று கேட்டால், “ஒண்ணுமில்லே தாத்தா.” பள்ளியில் ஆங்கிலம், விளையாட இந்தி என்றிருக்கும் குழந்தை முழுசாகத் தமிழ் பேசுவது என்னிடம் மட்டுந்தான். என் காதோடு அவள் தமிழும் போய்விடுமோ என்ற பயம்தான் என்னைப் பரிசோதனைக்கு அனுப்பியது.

காதுக்குள் நடப்பது

உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதிலுள்ள சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள்தான் ஒலியை நரம்புக்குச் சேர்ப்பவை. வயதாலும் இரைச்சலாலும் இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் உயர்ந்த ஸ்தாயி ஒலிகளுக்கான செல்களே முதலில் பழுதாகும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தணிந்த ஸ்தாயி, அவை கேட்கும். ஸ, ச, த போன்றவை மங்கும். ஆகவே ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை’ என்ற நிலை. ‘ஸாத்’தில் ‘ஸ’ உதிர்ந்தால் ‘ஆட்’ மாதிரிதானே காதில் விழும்!

தாய்மொழியில் பாதிச் சொல் விழுந்தாலும் மீதியை மூளை இட்டு நிரப்பிவிடும். பிற்பாடு கற்ற மொழியில் அந்த வசதி குறைவு. வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் காதின் குறையை மொழியின் தலையில் போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு இதுதான் காரணம்.

முதலில் பரிசோதனை

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை ஏதும் இல்லாமல் ஒரு கடையில் ‘காது மிஷின்’ வாங்கினேன். அது எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்கியது. பாத்திரம் விழுந்தால் இடி. பேத்தியின் பேச்சு மட்டும் அதே மங்கல். ஒரு வாரத்தில் மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அழுக்கு அடைப்பு, சவ்வில் ஓட்டை போன்றவை சிகிச்சையிலேயே தீரலாம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால், அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். தாமதித்தால் மீட்பது கடினம். அடுத்து, ஆடியாலஜிஸ்ட் எடுக்கும் ஆடியோகிராம். எனக்குத் தணிந்த ஸ்தாயியில் 25 டெசிபல், 4000 ஹெர்ட்ஸில் 65. இயல்பான காதுக்கு 20-க்குள் இருக்க வேண்டும். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தமிழில் நடத்த முடியுமா என்று கேளுங்கள். இந்தியில் வைத்தால், தவறு காதினுடையதா, மொழியினுடையதா என்று எப்படித் தெரியும்?

எந்தக் கருவி?

காதுக்குப் பின்னால் மாட்டுவது உறுதியானது. கடுமையான குறைபாட்டுக்கும், விரல் நடுங்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது. மெல்லிய கம்பியால் ஒலிபெருக்கி காதுக்குள் இறங்கும் வகை, என்னைப் போல் உயர் ஸ்தாயி மட்டும் குறைந்தவர்களுக்குப் பொருந்தும். காது அடைத்தாற்போல் இராது. முழுக்க உள்ளே மறைவது பார்வைக்கு அழகு. ஆனால் பேட்டரி சிறியது, அழுக்கும் சேரும். எதுவானாலும், உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்பக் கணினியில் சரிசெய்து தருகிறார்களா, சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா, பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் உண்டா என்று கேளுங்கள். இரு காதிலும் குறை இருந்தால் பெரும்பாலும் இரண்டு கருவி தேவைப்படும்.

பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள வில்லையைப் பிரித்ததும் காற்றுப்பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும், முன்கூட்டியே பிரிக்காதீர்கள். மும்பை, சென்னை ஈரக்காற்றுக்கு, இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வைப்பது நல்லது.

பாந்த்ராவில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் இத்துறையின் அரசு நிலையங்கள். வருமானமும் குறைபாட்டு அளவும் விதிக்குட்பட்டால், மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் கருவிக்கு உதவி கிடைக்கும்.

பழகும் காலம்

கருவி போட்டதும் பழைய காது திரும்பிவிடாது. முதல் மாதம் மின்விசிறி இரைச்சல்கூட எரிச்சலூட்டியது. தினம் சில மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனேன். வீட்டாரும் முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். கத்தினால் சொல் சிதையும்.

இப்போதும் சந்தை இரைச்சலில் தடுமாறுகிறேன். ஆனால் பேத்தி ‘ஒண்ணுமில்லே தாத்தா’ என்று சொல்வதில்லை. ராத்திரி பள்ளிக்கூடக் கதை முழுக்கத் தமிழில் சொல்கிறாள். உங்கள் வீட்டுப் பெரியவர் “இந்தி புரியலை” என்று ஒதுங்கினால், ஒருமுறை அவர் காதையும் சோதித்துப் பாருங்கள்.