வெயில் ஏறினா சுருங்கும் குட்டி ஜெல்!

சப்ஜா விதையைத் தண்ணியில போட்டா கொழகொழன்னு உப்பிடும்ல? அந்தக் கொழகொழப்பு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதுதான் ஹைட்ரோஜெல். இதில் 'பிநைபாம்' என்ற ரகம் கொஞ்சம் வித்தியாசமானது. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, குடிச்ச தண்ணியைத் துப்பிட்டுச் சுருங்கிடும். ஆறவிட்டா மறுபடி உப்பும்.

செய்முறை? மூலப்பொருளையும் இணைப்பானையும் தண்ணீரில் கரைத்து, நைட்ரஜன் வாயுவால் ஆக்ஸிஜனை வெளியேற்றி, சுமார் 70 டிகிரியில் பெர்சல்ஃபேட் சேர்ப்பார்கள். தெளிந்த நீர் பால் மாதிரி வெளுக்கும். அதில் மிதப்பவை, கண்ணுக்குத் தெரியாத நானோமீட்டர் உருண்டைகள். வினைபுரியாத மிச்சத்தைக் கழுவி நீக்கணும்.

உப்பலை அளப்பது லேசர். பெரிய உருண்டை மெதுவா அலையும், சின்னது வேகமா அலையும். அதை வெச்சு விட்டம் தெரியும். விட்டம் பாதியானா, கொள்ளளவு எட்டில் ஒரு பங்குதான்!

முண்டியம்பாக்கம் மாதிரி ஊரில் சித்திரை மதியம் இதைச் செஞ்சா? ஏசி இல்லாத அறையில், சோதனை தொடங்கும் முன்னாடியே உருண்டை சுருங்கியிருக்கும். அதனால வெப்பக் கட்டுப்பாடு கட்டாயம்.

இதனால் என்ன லாபம்? இதே பாலிமர் பூசிய தட்டில், ஜப்பானில் நோயாளிகளின் வாய் செல்களை வளர்த்தார்கள். தட்டை ஆறவிட்டதும் செல் படலம் கிழியாமல் கழன்றது. அதைக் கண்ணில் பொருத்தியதில் 4 பேருக்குப் பார்வை மேம்பட்டதாக 2004-ல் அறிவித்தார்கள்.

வெறும் சில டிகிரி வித்தியாசம்... ஒருத்தருக்கு வெளிச்சம்!