ஐ5 என்றதும் ஏமாறாதீங்க! பழைய கம்ப்யூட்டர் வாங்கும் முன் நம்பரை பாருங்க

கடலூர்:
சீட்டு எடுத்த பணத்தில், சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்க போறீங்களா? "ஐ5 பிராசசர் சார், சூப்பரா ஓடும்" என்றதும் பணத்தை நீட்டி விடாதீர்கள். கம்ப்யூட்டரின் மூளையே பிராசசர்தான். ஆனால் ஐ3, ஐ5 என்பதெல்லாம் வெறும் ரகம். எந்த வருஷ மாடல் என்பதுதான் முக்கியம்.

நம்பரில் இருக்கு சூட்சுமம்

ஐ5-3470 என்றால் 3-வது தலைமுறை. 2012-ல் வந்தது. ஐ3-12100 என்றால் 12-வது தலைமுறை. 2022-ல் வந்தது. பெயரில் சின்னதாக இருந்தாலும் வேகத்தில் இந்த ஐ3-தான் கில்லி.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14.10.2025-ல் முடிந்து விட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்கு குறையாமல் வாங்குவது நல்லது. ரைசன் என்றால் 3000 வரிசையில் இருந்து பார்க்கலாம்.

எது போதும்?

பாடம், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், வீடியோ பார்க்க ஐ3 அல்லது ரைசன் 3 தாராளம். மிச்சமாகும் காசை 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வாங்க 2025-ல் தமிழக அரசின் எல்காட் விட்ட டெண்டரிலும் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.தான் கேட்கப்பட்டது.

இன்டெல் நம்பரின் கடைசியில் 'எப்' எழுத்து இருந்தால் உஷார். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும்.

கடையிலேயே ஆன் செய்து, 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக் செய்து 'பிராபர்டீஸ்' பாருங்கள். முழு நம்பரும் தெரியும். அதே நம்பரை பில்லிலும் எழுதி வாங்குங்கள்.