பறப்பதை நிறுத்திய விமானங்களுக்கு ஏறும் விலை

போயிங் 747-400 விமானத்தின் நீளம் 70 மீட்டருக்குச் சற்று மேல். அதை நானூற்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, வண்ணம் பூசி, ஜன்னல் வரிசை முதல் பதிவெண் வரை நுணுக்கமாக அச்சடித்த இந்தக் குட்டி விமானங்களைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் இவற்றை 20, 30 டாலருக்கு வாங்க முடிந்தது. இன்று புதிய பெரிய விமானமே 50 டாலரைத் தாண்டுகிறது. கடைகளில் தீர்ந்துபோன பழையவை கைமாறும்போது சிலவற்றின் விலை அதற்கும் பல மடங்கு மேலே போகிறது.

உலோகத்தின் விலை இதற்குக் காரணமல்ல. ஒரு விமான வகைக்கான எஃகு அச்சைச் செதுக்கத்தான் பெரும் பணம் செலவாகிறது. அந்த ஒரே அச்சில் வார்த்த உடல்களுக்கு வெவ்வேறு நிறுவனங்களின் வண்ணங்களைப் பூசித்தான் தயாரிப்பாளர்கள் போட்ட முதலை எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெமினி ஜெட்ஸ் ஆகட்டும், ஜெர்மனியின் ஹெர்பா ஆகட்டும், ஒரு வண்ணத்தில் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்தச் சரக்கு தீர்ந்தபின் தேடி வருபவருக்கு, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவரை விட்டால் வேறு வழியில்லை.

அப்படித் தேட வைப்பது பெரும்பாலும் ஒரு பிரிவு. கான்கார்டு 2003இல் ஓய்வு பெற்றது. ஏர்பஸ் ஏ380 தயாரிப்பு 2021இல் முடிந்தது. கடைசி 747, 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவில் கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் சிறகை மடக்கின. 1979இல் தொடங்கிய இலங்கை நிறுவனமான ஏர் லங்காவின் டிரைஸ்டார் விமானங்களில் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் பல்லாயிரம் பேர். முதல் வெளிநாட்டுப் பயணம், வேலை பார்த்த நிறுவனம், அப்பா ஓட்டிய விமானம் என்று ஏதோ ஒரு பிணைப்பு இருப்பவர்தான் யோசிக்காமல் கூடுதல் விலை கொடுக்கிறார். அதில் தவறு ஏதும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

விமான நிறுவனங்களின் டிக்கெட் அலுவலகக் கண்ணாடிக்குள் ஒரு காலத்தில் நின்ற பெரிய மாதிரிகளின் கதை இன்னும் உருக்கமானது. டிக்கெட் விற்பனை இணையத்துக்கு மாறியதும் அலுவலகங்கள் மூடப்பட்டன. மேசை நாற்காலியோடு சேர்த்து அந்த மாதிரிகளில் பலவற்றையும் கழித்துக் கட்டினார்கள். தப்பியவை இன்று ஏலத்தில் பெரும் தொகைக்குப் போகின்றன.

ஆனால் பழசு என்றாலே விலை உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் விமானங்களை வார்த்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அந்த வார்ப்புகள் பலவற்றில் துத்தநாகத்தோடு ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு சேர்ந்துவிட்டது. அது உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும். முதலில் நூலிழை போல ஒரு விரிசல் விழும். பிறகு சிறகு வீங்கி வளையும். ஒருநாள் தொட்டதும் உதிர்ந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. ஈரப்பதமும் வெப்ப மாற்றமும் குறைந்த இடத்தில் வைத்தால் அழிவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதனால்தான் விரிசல் இல்லாத போருக்கு முந்தைய டிங்கி விமானம் ஒன்றுக்கு அத்தனை மதிப்பு.

அதே டிங்கியில் 1950களின் நடுவில் வந்த ஆவ்ரோ வல்கன் குண்டுவீச்சு விமானம் வேறு காரணத்தால் அரிதானது. வழக்கமான துத்தநாகத்தை விட்டு அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அது, சுமார் 500 மட்டுமே வெளிவந்ததாகச் சேகரிப்பாளர்கள் கணிக்கிறார்கள். சிறுவர்கள் விளையாட வந்த பொருளுக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு விலை.

விலை இறங்குவதும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய 1:400 மாதிரிகளில் சக்கரங்கள் தடிமனாக இருக்கும், உடலும் சிறகும் சேரும் இடத்தில் கோடு தெரியும், ஆன்டெனா இருக்காது. அண்மை ஆண்டுகளில் என்ஜி மாடல்ஸ் போன்ற புதியவர்கள் கூர்மையான அச்சுகளோடு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு பழைய விமானத்தை அதே வண்ணத்தில் புதிதாகச் செய்துவிட்டால், நேற்றுவரை அரிதாக இருந்த பழைய பிரதியைக் கேட்க ஆளிருக்காது. முதலீடு என்று பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அரசுகளின் வரியும் விலையை ஏற்றுகிறது. இந்த மாதிரிகளில் பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. 800 டாலருக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025இல், முதலில் சீனப் பொருட்களுக்கும் பிறகு எல்லா நாடுகளுக்கும், நீக்கியது. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. அளவு சுருக்கிய மாதிரிகளும் அதே சுங்கத் தலைப்பில்தான் வருகின்றன. புதியதை வரவழைப்பது கடினமானால், உள்ளூரில் ஏற்கெனவே இருப்பதன் மேல்தான் எல்லார் கண்ணும் விழும்.

வாங்க நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. இபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்க முடியும். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் 300 டாலர் அறிவிப்பை வைத்துச் சந்தையை எடை போடக் கூடாது. அசல் பெட்டி உள்ளதா, சக்கரக் கால்கள் முழுதாக இருக்கின்றனவா, வெயிலில் வெள்ளை வண்ணம் மஞ்சளித்திருக்கிறதா என்று நெருக்கமான படங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கு, ஜெர்மனியின் ஷாபாக் நிறுவனம் 1:600 அளவில் செய்த பழைய சிறு விமானங்கள் நல்ல தொடக்கம். பெட்டி இல்லாமல் வாங்கினால் அவற்றில் பல இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன.