மது ஒன்று, நியாயம் இரண்டு

2015 ஜனவரி 18ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி. கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் சுவீடனைச் சேர்ந்த பட்டப்பின்படிப்பு மாணவர் இருவர் துவிச்சக்கர வண்டிகளில் சென்றுகொண்டிருந்தனர். விருந்து நடந்த மாணவர் இல்லமொன்றின் அருகே, குப்பைத்தொட்டிக்குப் பின்னால், அசைவற்றுக் கிடந்த பெண்ணொருவரின் மேல் இளைஞன் ஒருவன் இருப்பதைக் கண்டனர். அதட்டியதும் அவன் ஓடினான். துரத்திச் சென்று மடக்கிப் பிடித்தனர்.

அப்பெண்ணும் அவ்விளைஞனும் அன்றிரவு மது அருந்தியிருந்தனர். ஆனால் நீதிமன்றத்தில் அதே மது இருவேறு தராசுகளில் நிறுக்கப்பட்டது. மதுவும் விருந்துக் கலாசாரமுமே தன்னைத் தடுமாற வைத்தன என்றான் அவன். அவரிடமோ, எவ்வளவு குடித்தீர், அன்று என்ன உண்டீர், முன்பும் நினைவிழந்ததுண்டா என அடுக்கடுக்கான கேள்விகள். அவனுக்குக் கேடயமான மது, அவருக்குக் குற்றப்பத்திரிகையாயிற்று.

2016 மார்ச்சில் மூன்று குற்றச்சாட்டுகளிலும் அவன் குற்றவாளியே என யூரர்கள் தீர்ப்பளித்தனர். அரச தரப்பு கோரியது ஆறாண்டுச் சிறை. நீதிபதி விதித்தது ஆறு மாதம். அவன் உள்ளே இருந்தது மூன்றே மாதம். மக்கள் கொதித்தெழுந்தனர். மயக்கத்திலோ போதையிலோ இசைவளிக்க இயலாதிருப்பவர் மீது பாலியல் வன்முறை புரிந்தோர் சிறையிலிருந்து தப்பாதவாறு அவ்வாண்டிலேயே மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. 2018 யூனில் வாக்காளர்கள் அந்நீதிபதியைப் பதவியிலிருந்து அகற்றினர். 2019இல் சனெல் மில்லர் தம் பெயரை வெளியிட்டு, நிகழ்ந்ததை நூலாக எழுதினார்.

அமெரிக்க ஆய்வுகளின்படி, பாலியல் வன்முறைச் சம்பவங்களில் ஏறத்தாழ அரைவாசியில் ஒரு தரப்பினரேனும் மது அருந்தியிருக்கின்றனர். இதனால் மதுவே குற்றவாளி என்றாகிவிடாது. குடித்தவர் அனைவரும் இக்குற்றத்தைப் புரிவதில்லை. மறுக்கும் வலுவைப் பறிக்கவென்றே மேலும் மேலும் ஊற்றிக் கொடுப்போரும், நிலை தளர்ந்தவரைத் தேடிக் காத்திருப்போரும் உளர். அங்கே மது காரணமல்ல, கருவி. கனடாவின் குற்றவியற் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது: உணர்விழந்தவர் இசைவளிக்க முடியாது, தானே வருவித்துக்கொண்ட போதையில் 'அவள் இசைந்தாள் என்றே நம்பினேன்' என்பது எதிர்வாதமாகாது.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். பிள்ளைகள் பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்படும்போது மகளுக்கு நூறு புத்திமதி கூறுகிறோம். மகனுக்கோ 'நன்றாகச் சாப்பிடு' என்பதோடு முடித்துக்கொள்கிறோம். 'குடித்தாயா?' என்பதே எமது முதற் கேள்வியாக இருக்குமென அறிந்த மகள், தனக்கு நேர்ந்ததை எம்மிடம் ஒருபோதும் சொல்லமாட்டாள். அவளைத் தனிமையில் விடுவது அந்நிய நாடன்று; எமது மானமும் மௌனமுமே.

மகளிடம் சொல்வோம்: என்ன குடித்திருந்தாலும், எந்நேரமானாலும் எம்மை அழை, கேள்வி கேளாமல் வருவோம். மகனிடமும் சொல்வோம்: நினைவிழந்தவளின் மௌனம் சம்மதமன்று. அத்துடன், வண்டியை நிறுத்தி இறங்கிய அவ்விரு மாணவர்களின் கதையையும் சொல்வோம்.