ஓடும் பிள்ளைக்கு உகந்த கல்லூரி

மாலை ஐந்து மணிக்கு மேல் கார்டன் ரீச்சில் பி. என். ஆர். மைதானத்தின் பக்கமாக நடந்து செல்பவர்கள், நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது அங்கே ஓடிப் பழகுவதைக் காணலாம். பள்ளிப் பந்தயங்களில் பரிசு பெற்ற பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் அவர்களுடைய தந்தையர் அலுவலகத்தில் என் மேஜையருகே வந்து, "சார், பையனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்று கேட்பது வழக்கம். நானோ பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். கல்லூரி வாசலை மிதித்ததெல்லாம் பிறர் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் வாங்குவதற்காகத்தான். ஆயினும் இந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் தவறு செய்து பாடம் கற்றிருக்கிறது. அதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது என் கடமை என்று எண்ணுகிறேன்.

என் தமக்கையின் மகன் நானூறு மீட்டர் ஓட்டத்தில் வல்லவன்; மாநிலப் பள்ளிப் போட்டியில் பதக்கம் பெற்றவன். அவனுக்குக் கல்லூரி தேடியபோது நாங்கள் பார்த்தவை இரண்டே: கல்லூரியின் பெயர், மைதானத்தின் பரப்பு. ஓட்டம் பயிற்றுவிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சேர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மைதானம் இருந்தது, பயிற்சியாளர் இல்லை. போட்டிக்குச் சென்ற நாட்களை வருகைப் பதிவில் சேர்த்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் ஓட்டக் காலணியைக் கழற்றி வைத்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை. இன்று அவன் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஆனால் தொலைக்காட்சியில் ஓட்டப் பந்தயம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அதுவும் நம்மைப் போலத் தமிழகத்துக்கு வெளியே வாழும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததே. 1998-ல் டில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் தேஜஸ்வின் சங்கர். சிறு வயதில் அவருக்குக் கிரிக்கெட்டில்தான் நாட்டம். பள்ளியின் தேகப் பயிற்சி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். 2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் அவர் 2.26 மீட்டர் தாண்டி, 2004 முதல் நிலைத்திருந்த ஹரிசங்கர் ராயின் 2.25 மீட்டர் சாதனையைக் கடந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக் கழகம் அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது.

அப்பல்கலைக் கழகத்தின் பெயர் நம்மவர்க்குப் பழக்கமானதன்று. ஆனால் அங்கே கிளிஃப் ரொவெல்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் பதக்கம் பெற்ற எரிக் கைனார்ட் அவருடைய மாணவரே. தேஜஸ்வின் அவரிடம் பயின்று 2018, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதலிடம் பெற்றார். கூடவே கணக்கியலில் பட்டமும் பெற்று, தணிக்கைத் துறையில் வேலையும் பெற்றார். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம், 2023-ல் ஆசியப் போட்டியின் பத்து அம்சப் பந்தயத்தில் வெள்ளி என்று அவர் பதக்கங்கள் தொடர்ந்தன.

கடல் கடந்து படிப்பதில் தொல்லையும் இல்லாமலில்லை. அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் கலந்துகொண்டதால் இங்கு நடந்த தகுதிப் போட்டிக்கு அவர் வரவில்லை. அதனால் 2022-ல் காமன்வெல்த் அணியில் முதலில் இடம் கிடைக்காமல், டில்லி உயர்நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. வெளிநாட்டுக் கல்லூரியை நினைப்பவர்கள் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் அமெரிக்கா செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. நம் ஊரிலேயே சால்ட் லேக்கில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் கிழக்கு மண்டல மையம் உள்ளது. அங்கே பயிற்சிக்குத் தேர்வு பெறும் பிள்ளை, கல்கத்தாக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டே விளையாட்டையும் தொடரலாம். டில்லிப் பல்கலைக் கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்கு இடங்கள் உண்டு. அதற்குப் பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும்; மைதானத்திலும் திறமையைக் காட்ட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டில் சிறந்தோர்க்கு இரண்டு இடங்களைக் கூடுதலாக ஒதுக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கென்றே வைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வின் தரவரிசையில் பெயர் வருவதோடு, தேசிய அளவில் பதக்கமும் பெற்றிருக்க வேண்டும்.

தேகப் பயிற்சி ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு வழி வேறு. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரியும், 1957-ல் குவாலியரில் தோன்றிய லட்சுமிபாய் நிறுவனமும் அதற்குப் பெயர் பெற்றவை. பயிற்றுவிக்கக் கற்பது வேறு, போட்டியில் ஓடுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி விண்ணப்பிக்கலாகாது.

தமிழகத்துக் கல்லூரிகளை நாடும் நம் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. ஆனால் இங்கே படித்த பிள்ளைகள் தங்களைத் தமிழகத்தைச் சேர்ந்தவர் என்று காட்டப் பிறப்பிடச் சான்றிதழ் பெற வேண்டும். கடைசி வாரத்தில் ரயிலேறித் தாலுகா அலுவலகத்தின் முன் நிற்பதில் பயனில்லை. முந்தைய விடுமுறையிலேயே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். அன்றியும், நம் பிள்ளைகள் ஓடுவது மேற்கு வங்காளத்தின் சார்பில். அந்தப் பதக்கம் அங்கே கணக்கில் வருமா என்பதை அவ்வாண்டின் விதிகளில் படித்து, எழுத்து மூலமும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கல்லூரியானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளையின் விளையாட்டுக்குப் பயிற்சியாளர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருவார்? போட்டிக்குச் செல்லும் நாட்களுக்கு வருகைப் பதிவும், தவறிய தேர்வுக்கு மறுதேர்வும் உண்டா? காலில் அடிபட்டு ஓராண்டு ஓட முடியாமற் போனால் உபகாரச் சம்பளமும் விடுதி இடமும் நீடிக்குமா? சென்ற ஆண்டுகளில் இங்கே சேர்ந்த வீரர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள்? அலுவலகத்தில் பதில் பெற்ற பிறகு, மாலையில் மைதானத்துக்குச் சென்று அங்கே பயிலும் மாணவர்களிடமும் இவற்றையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்திருந்தால் பணம் கட்டலாம். பெண் பிள்ளையாயின், பயிற்சி முடிந்து விடுதிக்குத் திரும்ப என்ன ஏற்பாடு என்பதையும் விசாரிக்க வேண்டும்.

"படிப்பெதற்கு? விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர் நம்மில் பலர். தோனியே 2001-ல் நம் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர்தாம். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குச் சோறு போடுவதும் ரயில்வேதான். ஆனால் ஓட்டம் நின்ற பின்னும் முப்பது ஆண்டு உத்தியோகம் இருக்கிறது. அப்போது பதவி உயர்வுக்குப் பட்டம் எவ்வளவு துணை செய்யும் என்பது, பட்டமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலை வந்தால் ஏற்கட்டும். தபால் மூலமாவது படிப்பை முடிக்கட்டும்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் மகளுக்குக் கல்லூரி பார்க்க வேண்டியிருந்தது. என் தமக்கை மகனே ஒரு நாள் விடுப்பெடுத்து உடன் சென்றான். நான்கு கேள்விகளையும் அவனே கேட்டான். முதற்கேள்விக்கே தெளிவான பதில் கிடைக்காததால், பணம் கட்டாமல் திரும்பி வந்து வேறு கல்லூரி தேடினார்கள். இப்போது அந்தப் பெண் படிக்கவும் செய்கிறாள், ஓடவும் செய்கிறாள்.