சென்ற செய்தியும் சேர்ந்த செய்தியும்

இந்தியாவில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறைவுற்றது. தந்தியில் சொற்களை எண்ணிக் கட்டணம் பெற்றனர். ஆதலால் அனுப்புவோர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்த பின்னரே எழுதினர். இன்று அலுவலகங்களில் வழங்கும் மின்னஞ்சலுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. 1971ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அவ்விரு கணினிகளும் அருகருகே இருந்தன என்பது சுவையான செய்தி. இப்போதோ அனுப்புபவர் புனேயிலும் பெறுபவர் கொல்கத்தாவிலும் இருக்கக்கூடும். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராமலும் இருக்கக்கூடும்.

எழுத்துக்கு முகமும் குரலும் இல்லை. "வேலை இன்னும் முடியவில்லையா?" என்று ஒருவர் நேரில் சிரித்துக்கொண்டே கேட்டால் அது நலம் விசாரிப்பதைப் போன்றது. அதே வரி மின்னஞ்சலில் வந்தால் கண்டிப்பாகத் தோன்றும்.

தாய்மொழியில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இதில் மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. 'அனுப்பு', 'அனுப்புங்கள்' ஆகிய இரண்டும் ஏவல் வினைகளே. எனினும் பின்னதில் உள்ள விகுதி, கேட்பவரை உயர்த்திவிடுகிறது. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகள் உள்ளன. இன்றைய ஆங்கிலத்திலோ சிறியவர்க்கும் பெரியவர்க்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. எனவே 'அனுப்புங்கள்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் 'உங்கள்' மரியாதை வழியிலேயே உதிர்ந்து, வெறும் கட்டளை மட்டும் போய்ச் சேரும். எழுதியவரின் பணிவு பெறுபவருக்குத் தெரிய வழியில்லை. ஆங்கிலத்தில் வேண்டுகோளைக் கேள்வியாக அமைப்பதும், காரணத்தை ஒரு வரியில் சேர்ப்பதும், நன்றி கூறுவதும் அவ்விகுதியின் வேலையைச் செய்கின்றன.

மரியாதை குறைந்தால் மனவருத்தம் நேரும். தெளிவு குறைந்தாலோ வேலையே கெடும். '5/6' என்று எழுதினால் இந்தியர் சூன் 5 என்று கொள்வர்; அமெரிக்கர் மே 6 என்று கொள்வர். 'மாலை 5 மணிக்குள்' என்பதும் அவ்வாறே. இந்திய நேரம் பன்னாட்டுப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே எந்நாட்டு மாலை என்பதையும் எழுதுதல் வேண்டும். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுத ஓரிரு நொடிகளே ஆகும்.

செய்தியைப் பெற்றவர் அதை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதை அறிய வானூர்தித் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுப்பாட்டு அறை தரும் ஆணையை விமானக் குழுவினர் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். தவறிருப்பின் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்துவார். ஆயினும் திருப்பிச் சொல்வது சடங்காகிவிட்டால் பயனில்லை. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு அருகே வானில் இரண்டு விமானங்கள் மோதி, 349 பேர் உயிரிழந்தனர். 15,000 அடி உயரத்திலேயே இருக்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினருக்குப் போதிய ஆங்கில அறிவு இல்லாமையால் ஆணையைப் பிழைபடப் புரிந்துகொண்டமையும் ஒரு காரணமாக விசாரணையில் சுட்டப்பட்டது. ஆணை விமானத்தை அடைந்தது. அதை இயக்கியவரின் மனத்தைச் சரியாக அடையவில்லை.

அலுவலகத்தில் உயிர்ச்சேதம் நேர்வது அரிது. ஆனால் ஊதியமும் ஒப்பந்தமும் ஒருவரின் நற்பெயரும் இவ்வாறு இழக்கப்படுகின்றன. அரட்டைக் குழுவில் வேலை ஒன்றைக் கூறியதும் பலர் கட்டைவிரல் குறியை இட்டுவிடுகின்றனர். அதற்குப் பொருள் 'பார்த்தேன்' என்பதா, 'ஒப்புக்கொண்டேன்' என்பதா, 'முடித்துவிட்டேன்' என்பதா? இட்டவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்! அக்குறிக்குப் பதிலாக இவ்வாறு எழுதலாம்: "வணக்கம் ஐயா. மே மாதக் கணக்கைச் சூன் 5 மாலை 5 மணிக்குள், இந்திய நேரப்படி, தங்களுக்கு அனுப்ப வேண்டும் எனப் புரிந்துகொண்டேன். பயணச் செலவையும் இதில் சேர்க்க வேண்டுமா?" இறுதியில் உள்ள அவ்வொரு கேள்விக்கு விடை வந்த பின்னரே கணக்கு வேலை தொடங்கும்.