அவுலி பனிமலை என்ன ஆகும்? அடிவாரக் கடைக்காரர் கேள்வி

நமது திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. அதே வரிசையில் வரும் திருப்பிரிதி, இமயமலையில் உள்ள ஜோஷிமட் ஊர்தான் என்று பெரியோர் சொல்வார்கள். 2018 மே மாதம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டார மளிகை வியாபாரிகள் இருபத்திரண்டு பேர் பத்ரிநாத் யாத்திரை போனபோது அங்கே ஒரு நாள் தங்கினோம். நரசிம்மரைத் தரிசித்த பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடலாம் என்று ரோப்வேயில் ஏறி அவுலிக்குப் போனோம்.

ரோப்வே என்றால் பழனியில் உள்ளதைப் போல நினைத்துவிடக் கூடாது. சுமார் நான்கு கிலோமீட்டர் தூரம் கம்பியில் தொங்கிக்கொண்டு, தேவதாரு மரங்களுக்கு மேலே பெரிய பெட்டி ஒன்று போகிறது. ஏறி நின்றால் எதிரே நந்தாதேவி சிகரம். நாங்கள் போனது வெயில் காலம் ஆகையால் புல்வெளிதான் இருந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தச் சரிவு முழுதும் பனி மூடி, காலில் கட்டை கட்டிக்கொண்டு சறுக்கி விளையாட டெல்லி, பம்பாயிலிருந்தெல்லாம் வருவார்களாம். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ரோப்வேயையும் விடுதியையும் நடத்துவது மாநில அரசின் கட்வால் மண்டல் விகாஸ் நிகம்.

நமக்கு மலையைவிட கீழே உள்ள கடைத்தெருதான் மனதில் நின்றது. வியாபாரி எங்கே போனாலும் கண் கல்லாப்பெட்டி மேல்தானே போகும். ஒரு மளிகைக் கடையில் தேங்காய் எண்ணெய் கேட்கப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவர் வியாபாரக் கணக்கைச் சொன்னார். சரக்கு முழுதும் ரிஷிகேஷிலிருந்து லாரியில் வரவேண்டும்; இருநூற்றைம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் லாரி எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஜூனுக்குள் அரிசி, கோதுமை மாவு, பருப்பு, சர்க்கரை எல்லாம் இறக்கி வைத்துவிடுவார். பத்ரிநாத் கோயில் நடை திறந்திருக்கும் ஆறு மாதம் யாத்திரை வியாபாரம். நடை சாத்திய பிறகு முன்பெல்லாம் கடைத்தெரு தூங்குமாம். 1990களில் ரோப்வே ஓடத் தொடங்கி, பனி பார்க்க ஆட்கள் வந்த பிறகுதான் இரண்டாவது சீசன் வந்தது. அதை நம்பி அவர் கடையின் ஒரு பக்கத்தில் அலமாரி போட்டு, பனியில் நடக்கும் பூட்ஸ், கையுறை, கம்பளிக் கோட்டு எல்லாம் நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் போட்ட முதல், மளிகைக்குப் போட்ட முதலைவிட அதிகம் என்றார்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் ஜோஷிமட் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு, தரையில் பிளவு, ஓரிடத்தில் பூமிக்குள்ளிருந்து சேற்று நீர் ஊற்று. 2022 டிசம்பர் 27 தொடங்கி 12 நாட்களில் 5.4 சென்டிமீட்டர் நிலம் இறங்கியதாக இஸ்ரோ செயற்கைக்கோள் படம் காட்டியது. கணக்கெடுத்ததில் 868 கட்டடங்களில் வெடிப்பு இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்த இரண்டு ஓட்டல்களை அரசே இடித்துத் தள்ளியது. ரோப்வேயின் கீழ் நிலையத்தை ஒட்டியும் பிளவு கண்டது. ஜனவரி 5 அன்று ரோப்வேயை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டுப் பனி சீசனிலும் அது ஓடவில்லை.

இது திடீரென்று வந்த ஆபத்து என்று சொல்வதற்கில்லை. ஊர் நிற்பது பாறையின் மேல் அல்ல, எப்போதோ சரிந்து வந்த பழைய மண் குவியலின் மேல் என்று 1976லேயே மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. பெரிய கட்டடங்கள் வேண்டாம், வெடி வைத்துப் பாறையைப் பெயர்க்க வேண்டாம், கழிவு நீரை மண்ணுக்குள் விட வேண்டாம் என்பதெல்லாம் அதில் உண்டு. பக்கத்தில் 520 மெகாவாட் தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்ததுதான் காரணம் என்று ஊரார் சொன்னார்கள்; மின் நிறுவனம் மறுத்தது. அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாத்திரையை நம்பியும் பனியை நம்பியும் மாடிமேல் மாடியாக ஓட்டல் கட்டியது நம்மைப் போன்ற வியாபாரிகள்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

இதோடு பனியும் கைவிட்டது. 2023 பிப்ரவரியில் அவுலியில் நடக்க இருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி, போதுமான பனி இல்லை என்று ரத்தானது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இடைக்கால உதவியாக அரசு ஒன்றரை லட்ச ரூபாய் அறிவித்தது. ஊரை மீட்டெடுக்க 1658 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2023 நவம்பர் கடைசியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. வீட்டுக்கு அளவு உண்டு, சுவருக்கு விலை உண்டு. வாடகைக் கட்டடத்தில் முப்பது வருடம் கடை நடத்தியவரின் வாடிக்கையாளருக்கு என்ன விலை போடுவது? இதற்கு எந்த அரசாங்கத்திடமும் படிவம் கிடையாது.

இந்த இடத்தில் நமது அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் பெரிய தொழிற்சாலை ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் கதவடைப்புச் செய்தது. அதன் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் மளிகை கொடுத்த பதினேழு சில்லறைக் கடைகளுக்கு நாம் மொத்தச் சரக்கு போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் திறக்கிறது என்பார்கள். வாங்க ஆள் வந்துவிட்டது என்பார்கள். பொங்கலுக்குள் பேச்சுவார்த்தை முடியும் என்பார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் கடைக்காரர் இன்னும் ஒரு மாதக் கடன் கொடுத்தார். நாமும் அவருக்குக் கொடுத்தோம். “அண்ணாச்சி, கேட் திறந்தா மொத்தமா முடிச்சிடறேன்” என்று சொன்னவர்களில் ஒருவரும் ஏமாற்றுக்காரர் அல்ல. இனித் திறக்காது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேர் வேறு தெருவுக்குக் கடையை மாற்றிப் பிழைத்திருப்பார்கள். ஒன்பது கடைகள் அப்படியே மூடின. அந்தப் பேரேட்டை நாம் இன்னும் கிழித்துப் போடவில்லை.

அதனால்தான், அவுலியைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே பதறவும் வேண்டாம், உடனே கைதட்டவும் வேண்டாம் என்கிறோம். விற்பனை என்றால் வியாபாரிக்குப் பயம் இல்லை. மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2001–02ல் பல ஓட்டல்களை விற்றது. மாமல்லபுரத்தில் இருந்த டெம்பிள் பே ஓட்டலை வாங்கியவர்கள் நமது தியாகராய நகர் ஜி.ஆர்.டி. தங்க மாளிகையார், அந்த ஓட்டல் நன்றாகவே நடக்கிறது. கோவளம் கடற்கரை ஓட்டல் அதே சமயத்தில் விற்கப்பட்டு, அதற்குப் பிறகும் இரண்டு முறை கை மாறிவிட்டது. கை மாறினாலும் கதவு திறந்திருந்தால் பால்காரரும் காய்கறிக்காரரும் பிழைப்பார்கள்.

வாங்க ஆளே இல்லாத சொத்து வேறு விஷயம். நியூசிலாந்து நாட்டில் ருவபேஹு என்ற எரிமலையின் இரு பக்கமும் பனிச்சறுக்குத் தளம் உண்டு. கோவிட் அடைப்பும் பனி குறைந்த குளிர்காலமும் சேர்ந்து அடித்ததில், நடத்திய நிறுவனம் 2022 அக்டோபரில் நிர்வாகியிடம் ஒப்படைத்தது. அரசாங்கம் கோடிக் கணக்கில் கடன் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. கடைசியில் துரோவா என்ற பக்கம் 2024ல் எவ்வளவுக்குப் போனது தெரியுமா? ஒரு டாலருக்கு! நமது ஊரில் ஒரு தராசுத் தட்டு கூட அந்த விலைக்கு வராது. ஆயுள் முழுதும் வந்து போகலாம் என்று முன்பணம் கட்டி அட்டை வாங்கியவர்களின் உரிமை புதியவரோடு சேர்ந்து வரவில்லை. ஆனாலும் அடிவாரத்து ஒஹாகுனே ஊர்க் கடைக்காரர்களுக்கு இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு ஒரு முடிவு தெரிந்தது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் கிளென் என்ற தளத்தை 1995ல் அங்கே சறுக்க வந்தவர்களே பங்கு போட்டு, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து வாங்கினார்கள். அவுலியில் அது நடக்குமா? நிலமே இறங்கும்போது யார் பங்கு எடுப்பார்கள் என்று நமது செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜோஷிமட் வியாபாரிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பத்ரிநாத் போகும் வண்டிகள் ஊருக்குள் வராமல் ஹேலங்கிலிருந்து மார்வாரிக்குப் புறவழிச்சாலை போடும் வேலை. 2023 ஜனவரியில் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு மறுபடியும் அனுமதி கிடைத்தது. புறவழிச்சாலை வந்தால் பழைய கடைத்தெரு என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பழைய கடைக்காரர் யாரையாவது கேட்கலாம். பனி சீசனும் போய், யாத்திரை வண்டியும் வெளியே திரும்பிவிட்டால் அங்கே எதை வைத்துக் கடை நடத்துவது?

அங்குள்ளவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே என்பது நமது கருத்து. ரோப்வே அதே இடத்தில் ஓடுமா, வேறு இடத்தில் புதிதாகப் போடுவார்களா, அல்லது கைவிட்டுவிட்டார்களா என்பதைத் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள் என்பதுதான். அரசு நடத்தட்டும், தனியார் நடத்தட்டும். மழைக்கு முன் சரக்கு இறக்குகிறவனுக்கு ஜூனுக்குள் தெரிந்தாக வேண்டும்.

2024ல் அந்த ஊருக்கு ஜோதிர்மட் என்று அரசே பெயர் மாற்றிவிட்டது. அந்த வருடம் யாத்திரை போய் வந்த நமது சங்க உறுப்பினர் ஒருவரிடம் அந்த மளிகைக் கடையைப் பார்த்து வரச் சொல்லியிருந்தோம். கடை திறந்துதான் இருந்ததாம். பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. அதற்கு சிமென்ட் பூசி, மேலே பத்ரி நாராயணர் காலண்டர் மாட்டியிருக்கிறார். பூட்ஸ் அலமாரியில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் அடுக்கி வைத்திருந்தாராம். பூட்ஸ் எல்லாம் எங்கே என்று கேட்டதற்கு, மூட்டை கட்டி மேலே பரணில் வைத்திருக்கிறேன், விற்கவில்லை என்று சொன்னாராம்.